ஐந்தாவது டைனோசரின் கண்

ஊர்க்காவல் சாமிகளுக்குக் குதிரை செய்து பழகிய கோதண்டம், பூங்கா ஒன்றுக்காக நீண்ட கழுத்து டைனோசர்கள் ஐந்தைச் சிமெண்டில் செய்து முடித்தார். வழக்கம்போலக் கண்களை மட்டும் கடைசிக்கு வைத்திருந்தார். திறக்கிற கண்ணின் முதல் பார்வை மனிதர்மேல் விழக்கூடாது. அதனால் சாரத்தில் அவருக்குப் பின்னால் நின்று, மனைவி அஞ்சலை கண்ணாடியை உயர்த்திப் பிடித்திருந்தாள்.

"தழை திங்கிற மிருகத்துக்கு எதுக்குங்க இதெல்லாம்?"

"கண்ணுன்னா கண்ணுதான். ஆடாம புடி."

நான்கு முடிந்தன. நான்கில் ஒன்றுகூடக் கண்ணாடியைப் பார்க்கவில்லை. அவள் தலைக்கு மேலே, வானத்தில் எதையோ பார்த்து மிரண்டிருந்தன. அவர் அப்படி வரையவே இல்லை. துடைத்துவிட்டுத் திரும்ப எழுதினாலும் பார்வை அங்கேயேதான் போய் நின்றது.

ஐந்தாவதற்குக் கருவிழி தீட்டினார். கடைசியாக வைக்கிற வெள்ளைப் புள்ளிக்காகத் தூரிகையைத் தோய்க்கக் குனிந்து நிமிர்ந்தபோது, ஈரம் காயாத கறுப்பில் அந்தப் புள்ளி ஏற்கெனவே இருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது பெரிதாகிக்கொண்டு வந்தது.

"ஏங்க," என்றாள் அஞ்சலை, "முதுகெல்லாம் சுடுது. திரும்பிப் பாக்கவா?"