கொல்லைக் கனைப்பு

ஜாவாவின் சுரபாயா நகர ஆஸ்பத்திரியில், மரியாதைக்கு எல்லோரும் ‘பாக்’ என்றழைக்கும் ஹர்சோனோவின் பிராஸ்டேட் வீக்கத்தைக் கத்தி வைக்காமல், ஒலி அலையைக் குவித்தே சுருக்கி அனுப்பினார்கள். இரவெல்லாம் கழிப்பறைக்கு நடந்துகொண்டிருந்த மனிதர், சில வாரங்களில் விடியும்வரை அசையாமல் தூங்கத் தொடங்கினார்.

கழிப்பறை கொல்லையில், பலாமரத்தடியில் இருந்தது. உள்ளே போகுமுன் கனைப்பது அந்த வீட்டு வழக்கம். கண்ணுக்குத் தெரியாத யாராவது இருந்தால் விலகிக்கொள்ளட்டும் என்று.

ஒரு நாள் காலையில் மனைவி லஸ்மினி காப்பியை நீட்டிக்கொண்டே முறைத்தாள்.

“ஆஸ்பத்திரிக்காரன் நல்லா ஏமாத்திட்டான் பாக். ராத்திரி முழுக்கக் கொல்லையில உங்க கனைப்புதான்.”

“நான் எந்திரிக்கவே இல்லம்மா. கட்டை மாதிரிக் கிடந்தேன்.”

“அது தெரியும். பக்கத்துல உங்க குறட்டையும் கேட்டுச்சே! அதான் கேக்குறேன், அந்தச் செருப்பு எப்படி நனைஞ்சுச்சு?”

பின்படியில் அவருடைய ரப்பர் செருப்பு ஈரமாகக் கிடந்தது. மழை பெய்து நாளாகிவிட்டது.

ஹர்சோனோ அவித்த வாழைப்பழத்தை நிதானமாகத் தின்று முடித்தார். உடம்பு லேசாக இருந்தது. எழுந்து வந்தபோது படியில் செருப்பைக் காணவில்லை. வெறுங்காலோடு நடந்து, கழிப்பறைக் கதவுக்கு முன் நின்று கனைத்தார்.

உள்ளேயிருந்து அவருடைய குரலிலேயே கனைப்பு வந்தது. பிறகு சொட்டுச் சொட்டாக, விட்டுவிட்டு விழும் அவருடைய அந்தப் பழைய சத்தம்.

பாவம், நேரமாகும் என்று அவருக்குத் தெரியும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பலாமர நிழலில் நின்றார். இப்போதெல்லாம் அவரால் காத்திருக்க முடிந்தது.