குனிந்து வரும் வாசல்

"இந்த மண் ஊட்டுக்கயா எண்ட மகன் வந்து இருக்கப் போறான்?"

பன்னிரண்டு வருடங்களுக்கு முன்பு, கல்முனையிலிருந்து பெண் பார்க்க வந்த றாபியா மாமி, றாஹிலாவின் முகத்துக்கு நேரே கேட்ட கேள்வி இது. இந்தக் கரையில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை அங்கே வந்து குடியிருப்பார். றாஹிலாவுக்காக அவளுடைய வாப்பா தன் கையாலேயே மண் குழைத்துக் கட்டிய வீடு அது.

றாஹிலா தேத்தண்ணித் தட்டோடு நின்றாள். மாப்பிள்ளை முர்ஷித், உள்ளே வரும்போது வாசல் நிலையில் இடித்துக்கொண்ட நெற்றியைத் தடவியபடி தாயின் பின்னால் போய்விட்டான். அதன் பிறகு அவளைப் பெண் கேட்டு யாரும் வரவில்லை.

வாப்பா மௌத்தாகி, அவரை அடக்கம் செய்து மூன்று வருடம். போன மாரிக்குப் பிறகு அந்த வளவில் வீடும் இல்லை. றாஹிலா இப்போது சாச்சியின் வீட்டில் ஓர் அறைக்குள் இருக்கிறாள்.

இன்றைக்கு அதே றாபியா மாமி, பொத்துவிலுக்குத் தெற்கே பாறைகளுக்கு நடுவில் றாஹிலா கட்டி முடித்த குடிலுக்குள் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். சேற்றுக் கையோடு மூலையில் நின்றவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

அது வெளிநாட்டாருக்கான ஓய்வு விடுதி. மாமியின் தம்பி ஹாஜியாருடைய காணி. வரைபடம் கட்டடக் கலைஞர் வில்பிரட் சேருடையது. அங்கேயே கிடைத்த பாறைச் சில்லால் அத்திவாரம், மண் சுவர், இலுக்குப் புல் கூரை. சீமெந்து ஒரு பொட்டும் இல்லை. அதுதான் ஹாஜியாருக்குப் பிடிக்கவில்லை. முந்தாநாள் வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இவ்வளவு தூரம் பறந்து வாறவன் மண்ணுக்கயா படுப்பான்? நாளைக்கே உள்ளும் வெளியும் சீமெந்து பூசுவம். அந்தப் பதிவான நிலையையும் இடிச்சுப் போட்டு உசரமா ஒண்டு வெப்பம்."

"சீமெந்து பூசினா சுவர் மூச்சு விடாது ஹாஜியார்," என்றார் வில்பிரட் சேர். "வெடிக்கும் எண்டும் பயப்படாதீங்க. புது மண்தான் காயக்குள்ள வெடிக்கும். இது இந்தப் பிள்ளை தேடித் தந்த பழைய மண். வெடிக்கிறதெல்லாம் எப்பயோ வெடிச்சு முடிஞ்சுது."

"எனக்கிட்டக் கதைச்சு வேலையில்ல. ராத்தா ஒரு பகல் இதுக்க இருந்து பாக்கட்டும். ராத்தா ஓம் எண்டா ஓம்." அக்காவின் சொல்லை ஹாஜியார் ஒருநாளும் தட்டியதில்லை.

றாஹிலா இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. சீமெந்து பூசிய மண் சுவர் இரண்டு மாரியில் உள்ளுக்குள்ளேயே உதிர்ந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். அதற்காக மட்டும் அவள் சாப்பிடாமல் இருக்கவில்லை.

மத்தியானம் ளுஹர் தொழுதுவிட்டுப் படுத்த மாமி, பின்னேரம் அஸர் பாங்குக்குத்தான் கண் விழித்தார்.

"என்ன ராத்தா, வெந்து போனீங்களா?" என்றபடி ஹாஜியார் குனிந்து உள்ளே வந்தார்.

"வாயக் கழுவு. வெளிய பாறை கொதிக்குது, இதுக்க பானைத் தண்ணி மாதிரிக் குளிருது. எண்ட மகன்ட மாடி ஊட்டுல ரெண்டு பேன் சுத்தியும் நான் பொசுங்கிப் போறன்." மாமி குரலைத் தாழ்த்தினார். "அதுவும் மருமகள்ட ஊடு. ஒரு சன்னலத் தொறக்கிறண்டாலும் அவட மூஞ்சப் பாக்கணும்."

"அந்த நிலை பதிவா இரிக்கே? தலை இடிக்குமே?"

"குனிஞ்சு வந்தா கொறஞ்சா போயிருவானுகள்? நிலையையும் தொடாத, சுவரையும் தொடாத. எல்லாம் இரிக்கிறபடி இரிக்கட்டும்."

"ஓம் ராத்தா." ஹாஜியார் சிரித்துக்கொண்டு வில்பிரட் சேரிடம் சொல்லப் போனார்.

றாஹிலா சுவரில் உள்ளங்கையை வைத்தாள். இனி யாரும் இதைத் தொட மாட்டார்கள். வந்த காரியம் முடிந்தது. அவள் அப்படியே போயிருக்கலாம்.

"மகள், இத ஆரு கட்டின?" என்று கேட்டார் மாமி.

"நான்தான் மாமி."

"பொம்புளப் புள்ளயா? ஆருக்கிட்டப் பழகின?"

"வாப்பாட்ட."

"நல்ல கைக்காரன். அல்லாஹ் அவருக்கு ரஹ்மத் செய்யட்டும்." மாமி சுவரை மெல்லத் தடவிக் கொடுத்தார். "நானும் எத்தின ஊரு பாத்திட்டன். இப்பிடி ஒரு ஊட்ட எண்ட கண்ணால கண்டதில்ல புள்ள."

"கண்டிரிக்கீங்க மாமி."

மாமி திரும்பிப் பார்த்தார். றாஹிலா தலையை நிமிர்த்தவில்லை. தரையைப் பார்த்தே சொன்னாள்.

"குடி வர ஆளில்லாத ஊடெண்டு நான்தான் பிரிச்சுக் கொண்டு வந்தன். மண்ணும் அதுதான், நிலையும் அதுதான். முர்ஷித்ட நெத்தி இடிச்சது இதுலதான்."

மாமியின் கை சுவரிலேயே நின்றது. அவளையே பார்த்தார், பிறகு நிலையைப் பார்த்தார்.

எழுந்து முக்காட்டை இழுத்துவிட்டு வாசலுக்கு நடந்தார். குனிய மறந்து நெற்றி நிலையில் இடித்தது. தடவிக்கூடப் பார்க்காமல், பாறைகளுக்கு நடுவே இறங்கிப் போனார்.