சரியான கலர்

எந்தப் பெட்டியில் கலர் உள்ளது உள்ளபடி தெரியும் என்று கேட்டுக்கொண்டேதான் அவர் கடைக்குள் வந்தார்.

ஐம்பத்தைந்து வயதிருக்கும். வேட்டி முழங்கால்வரை நனைந்து சேறாகியிருந்தது. பெயர் பிச்சைமணி என்றார்.

ஜெனிபர் எழுந்து வந்தாள். கூடலூரில் அந்த டிவி கடைக்கு அவள் வேலைக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. முதலாளி கம்பம் போயிருந்தார். மழை நாளில், அதுவும் பதினோரு மணிக்கு, ஒரு ஆள் வருவதே பெரிது.

வீட்டில் என்ன கனெக்‌ஷன் என்று விசாரித்தாள்.

கேபிளாம். படம் கலங்கலாக வருகிறதாம். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் டிஷ் வைத்திருக்கிறார்கள், அதில் வேறு மாதிரித் தெரிகிறதாம். ஆண்டெனா மாட்டினால் சரியாக வருமா என்றும் கேட்டார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, ஆண்டெனாவில் வந்தது தூர்தர்ஷன் ஒன்றுதான், அதையும் நிறுத்தி வருஷக்கணக்காகிவிட்டது என்று சொன்னாள்.

சுவரில் ஒரே அளவில் மூன்று டிவி மாட்டியிருந்தது. முதலாவதில் கேபிள். அடுத்ததில் ஒரு கம்பெனியின் சாதாரண டிஷ். கடைசியில் இன்னொரு கம்பெனியின் எச்டி. ஒரே படத்தை மூன்றிலும் ஓடவிட்டால் வாங்க வந்தவர்களுக்கு வித்தியாசம் தானாகவே விளங்கும்.

எப்போதும் பாட்டு சேனல்தான் போடுவாள். அவர் நியூஸ் போடச் சொன்னார். மலையாள நியூஸ்.

மூன்றிலும் ஒரே செய்தி. கேரளா பக்கம், மலைமேல் ஏலத்தோட்டத்துக்குப் போகிற ரோட்டில் ஜீப் ஒன்று பள்ளத்தில் உருண்டுவிட்டது. காலையில் பஸ்ஸில் அதைப் பற்றித்தான் எல்லோரும் பேசிக்கொண்டு வந்தார்கள். குமுளி ரோட்டில் மண் சரிந்து, மலையடிவாரத்து லோயர் கேம்ப்பிலேயே வண்டிகளை நிறுத்திவிட்டார்களாம். ஒரு பெண் அந்த இடத்திலேயே இறந்துபோனதாகவும், மற்றவர்களை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகவும் செய்தியில் சொன்னார்கள். யார் பெயரும் சொல்லவில்லை.

ஊரே அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் பார்த்ததில் ஜெனிபருக்கு ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை.

நாலு பேர் ஒரு ஸ்ட்ரெச்சரைச் சரிவில் தூக்கி ஏறுகிறார்கள். மேலே வெள்ளைத் துணி. அதற்கு வெளியே சேலைத் தலைப்பு ஒன்று தொங்குகிறது. இந்தக் காட்சியையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள்.

கேபிளில் அந்தத் தலைப்பு கறுப்பாக இருந்தது. அதற்கு முன்னால் அவர் வெகுநேரம் நின்றார்.

பிறகு இரண்டாவது டிவிக்கு நகர்ந்தார். அதில் நீலம் மாதிரி இருந்தது.

வந்தவர் இவ்வளவு உன்னிப்பாகப் பார்க்கிறாரே என்று அவளுக்குச் சந்தோஷம். கேபிளில் படத்தை நெருக்கிச் சுருக்கி அனுப்புகிறார்கள், இருட்டான கலரெல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும் என்று விளக்கினாள். மூன்றாவது டிவியில் சாதாரண சேனல்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதே சேனலுக்கு எச்டி நம்பர் தனியாக உண்டு. அதைத் தேடிப் போட்டாள்.

மழைத்துளிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது.

ஸ்ட்ரெச்சர் வந்தது.

"இது என்ன கலருத்தா?"

"பச்சைங்கய்யா. ஓரத்துல மஞ்சக் கரைகூடத் தெரியுது பாருங்க. அந்த ரெண்டுலயும் கரை இருக்கதே தெரியாது."

அவர் திரும்பவில்லை. நீலம் இல்லையே, நன்றாகப் பார்த்துச் சொல் என்றார். ஜெனிபர் அந்தக் காட்சி மறுபடி வரும்வரை காத்திருந்து, கிட்டப் போய்ப் பார்த்து, இல்லை, பச்சையேதான் என்றாள். சொல்லிவிட்டுத்தான் அவர் முகத்தைப் பார்த்தாள்.

ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. சுவரில் கையை ஊன்றிக்கொண்டார்.

"விடியக்காலம் ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் ஜீப்புல ஏறிப் போனாக," என்றார். "பச்சை கட்டுனது என் சம்சாரம். நீலம், மக."

ஜெனிபர் மஞ்சள் கரையைப் பெருமையாகக் காட்டிய விரலை என்ன செய்வதென்று தெரியாமல் மடக்கிக்கொண்டாள்.

அப்போது அவர் சட்டைப் பையில் போன் அடித்தது. அவருக்குத் தெரியாத நம்பர்போல. உற்றுப் பார்த்துவிட்டுத்தான் எடுத்தார். அவள் ரிமோட்டுகளைத் தேடி எடுத்து மூன்று டிவியின் சத்தத்தையும் அணைத்தாள்.

சின்ன போன். மறுமுனையில் பேசியது கடை முழுக்கக் கேட்டது. பெண் குரல். நர்ஸ் ஒருவரின் போனை வாங்கிப் பேசுகிறாளாம். கை மட்டும் ஒடிந்திருக்கிறதாம், வேறொன்றும் இல்லையாம். ஆளுக்கொரு இடத்தில் படுக்கவைத்திருக்கிறார்கள், யாரைக் கேட்டாலும் ஒன்றும் சொல்ல மாட்டேன் என்கிறார்கள் என்று அழுதாள்.

"அம்மா உங்ககிட்டப் பேசுனாகளாப்பா?"

பிச்சைமணி கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். போனை மறு காதுக்கு மாற்றிப் பிடித்தார்.

"பேசுனா, ஆத்தா," என்றார். "இப்பத்தான் பேசுனா."