பன்னிரண்டு மணி வரை கூரையில்லை

மூக்கண்டப்பள்ளியில், கூரையில்லாத தன் வீட்டின் நடுவே கிருபாராணி அண்ணாந்து நிற்கிறாள். பழைய சிமெண்டு ஷீட்டுகளைக் காலையிலேயே பிரித்துப்போட்ட மேஸ்திரி மாதேஸ்வரன், சுவர்மேல் அமர்ந்து நிதானமாகத் தேநீரை ஆற்றுகிறார். புதுத் தகடுகள் வாசலில் அடுக்கியபடியே கிடக்கின்றன. ஜூஜுவாடிப் பக்கமிருந்து கருமேகம் ஏறி வருகிறது. கீழே கட்டிலில், இரவு ஷிஃப்ட் முடித்து வந்த கணவன் பிரகாசம், உடலெங்கும் தூசி படியத் தூங்குகிறான். இன்றிரவும் அவன் இயந்திரத்தின்முன் விழித்து நின்றாக வேண்டும். “மழை வருது மேஸ்திரி, ஷீட்ட ஏத்துங்க!” என்று கத்துகிறாள். “வெள்ளிக்கிழம ராகுகாலம்க்கா. பன்னெண்டு அடிக்கட்டும்.” “நாங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க, அதெல்லாம் பாக்கறதில்ல.” “நீங்க பாக்க வேணாம்க்கா. உச்சியில ஏறி நிக்கறவன் நான்ல!” “பிரிக்கறப்பவே இதச் சொல்றதுக்கென்ன?” மேஸ்திரி தேநீரை உறிஞ்சுகிறார்.

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, கணவனின் முகத்துக்கு மேல் குடையை விரிக்கிறாள். முதல் துளி துணியில் சொட்டென்று விழுகிறது. சுவர்களுக்குள் குளிர்காற்று சுழல்கிறது. பிரகாசம் கண்ணைத் திறவாமலே போர்வையை இழுத்துக்கொள்கிறான். “கிருபா, ஃபேனக் கொஞ்சம் கொறையேன்.” கழற்றிப்போட்ட மின்விசிறி கட்டிலுக்கடியில் கிடக்கிறது. அதைக் காலால் ஓர் உதை உதைத்துவிட்டு, குடையை இன்னும் தாழ்த்திப் பிடிக்கிறாள்.