சாவி கொடுக்கிறவள்

பழைய படங்களில் கிராமபோன் வந்தால் சாமுவேல்ராஜ் அந்தப் படத்தின் ஆண்டைக் குறித்துக்கொள்வார். பாட்டு அவருக்கு வேண்டாம். டிவியின் சத்தத்தை அணைத்துவிடுவார். அவர் மனைவி எஸ்தர்ராணி கோவில்பட்டி நூற்பாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள். அந்த இரைச்சலில் உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ளப் பழகியவள்.

“ஏங்க, கிராமபோனுக்குச் சாவி கொடுக்குதாளே, இவ போன படத்துலயும் வந்தா.”

போன படம் 1938. இது 1961. பெண்ணுக்கு அதே வயது.

“ஏதோ சொல்லுதாளே. என்னட்டி அது?”

“வேற ஆள் வந்தாத்தான் அவள விடுவாகளாம்.”

அவர் சிரித்துக்கொண்டே அடுத்த படத்தைப் போட்டார். அதில் கிராமபோன் இருந்தது. பக்கத்தில் சாவி கொடுப்பவளின் முக்காலி காலியாக இருந்தது.

எஸ்தர்ராணியின் வலது கை மடியில் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது.

“நிறுத்துட்டி” என்றார்.

அவள் உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள அவருக்குத் தெரியாது.