ஆதாரம் கேட்டவர்

‘இப்படி ஒரு ஓவியரை யாருக்குத் தெரியும்? ஆதாரமே இல்லை. இந்தப் பக்கத்தை நீக்கிவிடலாம்.’

இணையக் கலைக்களஞ்சியத்தில் அப்பாவைப் பற்றி அவள் எழுதிய பக்கத்தின் கீழே யாரோ இப்படிப் போட்டிருந்தார்கள். போட்டவர் பெயர் ‘சந்தேகி’.

“யாருங்க இவன்? வேலை வெட்டி இல்லாதவனா?” என்று கணவனிடம் பொரிந்து தள்ளினாள்.

“அந்தத் தளத்தோட விதி அப்படி. முடிவு பண்ண ஏழு நாள் டைம் இருக்கு. ஆதாரத்தைக் காட்டினா வாயை மூடிடுவான். மாமாவையே போய்க் கேளேன்.”

அப்பா ஊரின் மறுகோடியில் தனியாக இருந்தார். ஆஸ்பத்திரிச் சுவர்களில் மாட்டுவதற்குக் கண், காது, இதயம் என்று வரைந்தே முப்பது வருஷம் ஓட்டியவர். அவருடைய எழுபதாவது பிறந்தநாளன்று அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் லீவு கிடைக்கவில்லை. போக முடியாத குறைக்குத்தான் இந்தப் பக்கத்தை எழுதிப் பரிசாக அனுப்பினாள்.

மறுநாள் வேலை முடிந்ததும் நேரே அங்கே போனாள்.

“என்னம்மா, திடீர்னு?”

“உங்களை ஓவியரே இல்லைங்கிறான் ஒருத்தன். அத்தாட்சி ஏதாவது வச்சிருக்கீங்களா?”

“கேட்கிறது நியாயம்தானே!” என்று சிரித்தார்.

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொள்ள, அவள் ஏறிப் பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். பழைய மருத்துவப் பாடநூல் ஒன்று கிடைத்தது. முன்னுரையில், படங்கள் வரைந்ததற்காக அப்பாவுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். ராத்திரியே பக்கத்தில் சேர்த்தாள்.

விடிந்ததும் சந்தேகி வந்துவிட்டான். ‘ஒரு புத்தகம் போதுமா? கண்காட்சி ஏதாவது வைத்தாரா?’

மறுபடி ஓடினாள். நாலு வரி பத்திரிகைச் செய்தி அகப்பட்டது. அதில் அப்பாவின் பேரைத் தப்பாகப் போட்டிருந்தார்கள். அந்தக் கண்காட்சிக்கு மழைக்கு ஒதுங்கியவர்கள்தான் வந்தார்களாம். அப்பா சொல்லச் சொல்ல, வயிறு வலிக்கச் சிரித்தாள்.

அடுத்த நாள், ‘மனிதர்களை வரைந்ததே இல்லையா?’ என்றான் சந்தேகி.

அவள் போய்க் கேட்டதும் அப்பா எழுந்தார். அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்துக் கொடுத்தார். பக்கத்துக்குப் பக்கம் அம்மா. தலை வாரும் அம்மா, கோபமான அம்மா, கைக்குழந்தையாக அவளைத் தோளில் போட்டிருக்கும் அம்மா.

“இதை ஏன்பா எனக்குக் காட்டவே இல்லை?”

“நீ கேட்கவே இல்லையேம்மா.”

இப்படியே தினம் ஒரு கேள்வி. தினம் ஒரு நடை.

ஏழாம் நாள், முடிவு சொல்லும் பொறுப்பில் இருந்த தள நிர்வாகி எழுதினார்: ‘ஒவ்வொரு வரிக்கும் ஆதாரம் வந்துவிட்டது. பக்கம் இருக்கட்டும்.’

பஸ்ஸைக்கூட எதிர்பார்க்காமல் ஆட்டோ பிடித்து ஓடினாள்.

“அப்பா, ஜெயிச்சுட்டோம்! அந்தச் சந்தேகி மூஞ்சியிலே கரி!”

அப்பா முகம் மலரவில்லை. “ஓ... முடிஞ்சுபோச்சா?” என்றபடி டீ போட உள்ளே போனார்.

முடிவைக் காட்டலாம் என்று அவருடைய கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினாள். அவரைப் பற்றிய பக்கம் ஏற்கெனவே திறந்திருந்தது. கீழே பாதி தட்டிய ஒரு வரி: ‘இதயப் படத்தை எத்தனை முறை திருத்தி வரைந்தார் என்பதற்கு...’

மேலே, உள்ளே நுழைந்திருப்பவரின் பெயர்: சந்தேகி.

இரண்டு டம்ளர்களோடு வந்த அப்பா அப்படியே நின்றுவிட்டார்.

“நீங்களாப்பா? நிஜமாவே நீக்கியிருந்தாங்கன்னா?”

அவள் கையில் டீயைக் கொடுத்துவிட்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்:

“நீக்கினா நீக்கட்டும்மா. அவன் கேட்டாத்தானே நீ வர்றே!”