மூவாயிரம் வாட்

"இந்த மோட்டாரைக் கழற்றிப் போடுங்க. இப்பவே!"

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்திய வேகத்தில், கடை வாசலில் அடுக்கி வைத்திருந்த டயர்கள் சரிந்தன. மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். மூச்சு வாங்க நின்றிருந்தாள் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரின் மனைவி.

உள்ளே, வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பவர் ஒருவர் தன் சைக்கிளுக்கு மோட்டார் பார்த்துக்கொண்டிருந்தார். "இருக்கறதுலயே பெருசு எதுவோ, அதைப் போட்டுடுங்க" என்று அவர் சொல்ல, "மேடு ஏறணுமா, சமதரையா? சுமை எவ்வளவு? அதைச் சொல்லாம மோட்டார் கேட்டா எப்படி? கால் அளவு தெரியாம செருப்பு வாங்குவீங்களா?" என்று மெக்கானிக் பாடம் நடத்திக்கொண்டிருந்த நேரம் அது.

"என் வீட்டுக்காரர்கிட்ட மட்டும் இந்தக் கேள்வியெல்லாம் கேட்கத் தோணலையா?" அவள் விடவில்லை. "வீட்டுக்கும் எங்க கடைக்கும் நடுவுல ரெண்டே தெரு. அதுக்கு மூவாயிரம் வாட் மோட்டாரா? ஐம்பத்திரண்டு வயசு மனுஷன், நேத்து எழுபத்தஞ்சுல பறந்தாராம். வண்டியில வேகம் தெரியற ஸ்கிரீனைக் காட்டிச் சின்னப் பிள்ளை மாதிரி குதிக்கிறார். ஒரு வாரமா தொண்டை வறளத் திட்டிப் பார்த்துட்டேன், கேட்கறதா இல்லை. அதான் அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து வண்டியைத் தள்ளிக்கிட்டு வந்துட்டேன்."

பார்சல்காரர் உச்சுக் கொட்டினார். "குடும்பஸ்தருக்கு இப்படியா பண்றது?" என்று தன் பங்குக்கு ஒன்றைப் போட்டார்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "போன மழைக்காலத்துலதான் என் அக்காவைப் பறிகொடுத்தேன். அம்மா மாதிரி என்னை வளர்த்தவ. இப்ப இவருக்கும் ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்கே போவேன்?"

அது தெருவுக்கே தெரியும். அக்கா போனதிலிருந்து இன்றைக்கு முன் அவள் வாசலைத் தாண்டியதில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தால் உட்கார்ந்ததுதான். காலை எப்போது மாலையானது என்பதுகூடத் தெரியாது. துக்கம் கேட்க வந்தவர்களிடமும் ஒரு 'ம்'தான்.

"கழற்றிடறேன்மா" என்றார் மெக்கானிக். "ஆனா ஒரே ஒரு வட்டம் நீங்களே ஓட்டிட்டு வாங்க. அதுக்கப்புறமும் கழற்றச் சொன்னா மறுபேச்சு பேசமாட்டேன்."

"நானா? எனக்கென்ன பைத்தியமா?" என்றாள். ஆனால் ஏறிவிட்டாள். மனுஷன் தன் உயிரை எதில்தான் கொண்டுபோய் வைத்திருக்கிறார் என்று பார்த்துவிடலாமே!

கைப்பிடியை மெல்லத் திருகினாள். சத்தமே இல்லை. வண்டி போகிறதா, தெரு நகர்கிறதா என்று புரியவில்லை. மாடிகளில் காயும் துணிகள் ஒவ்வொன்றாக மிதந்து வந்து பின்னால் போயின. நிழலும் வெயிலும் மாறி மாறி அவள் கைகளில் விழுந்தன. முடி கலைந்தது. ஒதுக்கிவிடத் தோன்றவில்லை. எதற்காகக் கிளம்பினோம் என்பதே கொஞ்ச நேரம் மறந்துபோனது. நெஞ்சில் இத்தனை நாளாக ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று சற்று நகர்ந்து இடம் விட்டது. நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறதே என்று அவளுக்கு வெட்கமாகவும் இருந்தது.

ஸ்கிரீன் ஐம்பத்து நான்கு காட்டியது.

அப்போது பின்னால் 'கிணிங் கிணிங்' என்று மணி. மோட்டாரும் இல்லாத, மண்ணாங்கட்டியும் இல்லாத ஓட்டை சைக்கிளில், கூடை நிறைய ரொட்டியோடு ரொட்டிக்காரர் அவளைத் தாண்டிப் போனார். "கொஞ்சம் ஓரமா போங்கம்மா" என்று ஒரு வார்த்தை வேறு.

அவள் ஸ்கிரீனைப் பார்த்தாள். ரொட்டிக்காரரின் முதுகைப் பார்த்தாள். வண்டியைத் திருப்பினாள்.

"ஐம்பத்துநாலுல போற என்னை ரொட்டிக்காரர் முந்திட்டுப் போறார். என்னங்க இது?"

மெக்கானிக் அசடு வழிந்தார். "சக்கரம் எவ்வளவு பெருசுன்னு ஸ்கிரீனுக்கு நாமதான் சொல்லணும். அதை வச்சுத்தான் அது வேகத்தைக் கணக்குப் போடும். நான் மூணு மடங்கு பெருசுன்னு சொல்லி வச்சுட்டேன். வண்டி இருபத்தஞ்சைத் தாண்டாதும்மா. மோட்டாரும் இருநூத்தைம்பது வாட்தான். மேல ஒட்டின ஸ்டிக்கர் மட்டும்தான் மூவாயிரம்."

பார்சல்காரர் வாயைப் பிளந்தார்.

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வந்த கையோடு கோபமும் வந்தது. இது வேறு கோபம்.

"அப்போ அந்த மனுஷனை இத்தனை நாளா ஏமாத்திட்டு இருக்கீங்களா? நிஜமாவே பறக்கறதா நம்பி, வீட்டுக்கு வந்து எவ்வளவு சந்தோஷமா சொல்றார் தெரியுமா? பாவம்ங்க அவர்!"

"ஏமாந்தது அவர் இல்லம்மா."

"பின்னே யாராம்?" என்றாள்.

மெக்கானிக் கைகளைத் துணியில் துடைத்துக்கொண்டார். "சொல்லமாட்டேன்னு வாக்குக் கொடுத்திருந்தேன். இனிமே மறைச்சா பாவம். ஸ்டிக்கரும் ஸ்கிரீனும் அவர் கேட்டுச் செஞ்சதுதான். வண்டி வாங்கின அன்னைக்கு சும்மா விளையாட்டுக்கு 'அறுபதுல வந்தேன்'னு உங்ககிட்ட சொன்னாராம். மாசக்கணக்கா வாயே திறக்காத நீங்க, அவரை நிக்க வச்சு அரை மணி நேரம் திட்டினீங்களாம். மறுநாள் நான் கடையைத் திறக்கறதுக்கு முன்னாடியே இங்க வந்து, கண் கலங்க நின்னார். 'வண்டி மெதுவாவே போகட்டும்யா, ஸ்கிரீன்ல மட்டும் வேகத்தை ஏத்தி வை. அவ இன்னும் கொஞ்ச நாள் என்னைத் திட்டட்டும்'னார்."